கல்லு எருமைக்கு என்ன வயசு?

ஹாங்காங்ல ஒரு நடைபாதைக் கடையில உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு எருமை வாங்கினேன், காலை மடக்கிப் படுத்துக்கிட்டு தலையத் திருப்பிப் பாக்குற எருமை, மஞ்சள் கலந்த பச்சைக் கல்லு. கடைக்காரர் "ஜேட், மிங் காலம்"னு முடிச்சுட்டாரு, அதாவது சீனாவுல மிங் ராஜாக்கள் ஆண்ட 14-17ஆம் நூற்றாண்டு. ஜேடா இல்லையான்னு பாக்க வீட்டுல இருக்குற கிச்சன் தராசு போதும். மிங் காலமாங்கிறதுதான் மண்டை காயுற விஷயம்.

மொதல்ல ஜேட்னாலே ஒரு கல்லு இல்ல, ரெண்டு. நெஃப்ரைட், ஜேடைட். ரெண்டும் வேற வேற கனிமம்னு 1863ல டமூர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கெமிஸ்ட்ரி பண்ணிப் பாத்துதான் பிரிச்சுச் சொன்னாரு. சீனாக்காரங்க ஆயிரக்கணக்கான வருஷமா செதுக்கினது நெஃப்ரைட். ஜேடைட் பர்மாவுலருந்து மொத்தமா வர ஆரம்பிச்சது 18ஆம் நூற்றாண்டுலதான். அதனால யாராச்சும் ஜேடைட்ல செஞ்ச பொம்மையக் காட்டி "இது ஹான் காலத்து சிள்வண்டு, செத்தவங்க நாக்குல வெக்கிறது"ன்னு சொன்னா பேசாம நடையக் கட்டிடலாம், ஹான் காலம் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. சிள்வண்ட நாக்குல வெச்சதும், கையில ஒரு ஜேட் பன்னியக் குடுத்துப் புதைச்சதும் நெசம், கல்லுதான் பொய்.

சரி, தராசு. ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சு ஸீரோ பண்ணிக்கணும். பொம்மைய நூல்ல கட்டி முழுசா முங்குற மாதிரி எறக்கணும், அடியிலயும் ஓரத்துலயும் தொடக்கூடாது, காத்துக் குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுடணும். இப்ப தராசு காட்டுற கிராம், பொம்மை தள்ளின தண்ணியோட எடை, அதாவது பொம்மையோட கன அளவு. சும்மா வெச்ச எடைய இதால வகுத்தா டென்சிட்டி வந்துடும். நெஃப்ரைட்டுக்கு 2.95 பக்கம் வரணும், ஜேடைட்டுக்கு 3.33 பக்கம். என் எருமை 141 கிராம், தண்ணியில 55. வகுத்தா 2.56. சர்ப்பென்டைன், ஜேட் மாதிரியே இருக்குற வேற ஒரு கல்லு! "நியூ ஜேட்"னு பேரு வெச்சு விக்கிறாங்களே, அதேதான். சந்தேகத்துக்கு வயித்துக்கு அடியில ஒரு ஊசியால கீறிப் பாத்தேன், கோடு விழுந்துச்சு, நெஃப்ரைட்ல விழாது. (பழசா இருக்கலாம்னு துளி சந்தேகம் இருந்தாக்கூட இந்த வேலையப் பண்ணாதீங்க, மரப் பீடத்துல ஒட்டின பொம்மையத் தண்ணியில முக்கவும் கூடாது.)

மாக்கல்லு பொம்மைங்க இன்னும் ஈஸி, நம்ம கல்சட்டி மாதிரி தொட்டாலே வழவழன்னு இருக்கும், நகத்தாலயே கீறலாம். கண்ணாடின்னா லென்ஸ்ல பாத்தா உள்ள உருண்டையா குமிழி தெரியும், ரெசின்னா கையில வெச்ச கொஞ்ச நேரத்துல சூடாயிடும்.

ஆனா சர்ப்பென்டைன்னு தெரிஞ்சதும் "டூப்ளிகேட்"னு தூக்கிப் போட முடியாது, ஏன்னா புதிய கற்காலத்துலருந்தே அதுலயும் செதுக்கியிருக்காங்க. அப்ப வயசு? கரிமத் தேதியிடல் கல்லுக்கு வேலைக்கு ஆகாது, அது உயிரோட இருந்த பொருளுக்குத்தான். கல்லையே அளந்தா அந்தப் பாறை உருவான கோடிக்கணக்கான வருஷம் வரும், அத வெச்சு என்ன பண்றது, நமக்கு வேணும்ங்கிறது எவன் எப்ப செதுக்கினாங்கிறது.

ஸ்டைல வெச்சு சொல்லலாம்தான், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின ஷாங் காலத்து மிருகம் பெரும்பாலும் தட்டையா பலகை மாதிரி இருக்கும், ஒடம்பு பூரா ஜோடி ஜோடியா கோடு ஓடும், மிங் காலத்துலயும் அதுக்கு அடுத்து வந்த சிங் காலத்துலயும் நல்லா உருண்டு திரண்டு படுத்திருக்கும். ஆனா சோங் காலத்துலயே, அதாவது 900 வருஷத்துக்கு முன்னாடியே, பழைய பொருளப் பாத்து அதே மாதிரி செய்யிறது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. கல்லறையில கிடைச்சா உறுதின்னு நெனப்போம். 1976ல சீனாவுல அன்யாங்ல ஃபூ ஹாவ்ங்கிற ராணியோட கல்லறை திருடன் கை படாம கிடைச்சுது, கி.மு. 1200 வாக்குல உள்ளது, ஜேட் மட்டும் 755, யானை, புலி, கிளின்னு ஒரு மிருகக்காட்சி சாலையே இருந்துச்சு. அதுல சிலது அந்தம்மா காலத்துக்கே ரொம்பப் பழசு! அவங்களே ஆன்டிக் சேத்து வெச்சிருக்காங்க.

நெறமும் ஏமாத்தும். மண்ணுக்குள்ள ரொம்ப நாள் கிடந்த நெஃப்ரைட் வெளுத்து வேக வெச்ச கோழி எலும்பு மாதிரி ஆகும், அங்கங்க செம்பழுப்பும் ஏறும். அதையே நெருப்புல வாட்டி, ஆசிட்ல போட்டு, சாயம் ஏத்தி கொஞ்ச நாள்லயே செஞ்சுடுறாங்க. இதுல இன்னொரு கூத்து, மேற்குச் சீனாவுல கோத்தான் ஆத்துல கிடைக்கிற கூழாங்கல்லுக்கு இயற்கையாவே பழுப்புத் தோல் இருக்கும், கெட்டிக்கார கைவினைஞர் அத வேணும்னே விட்டு வெச்சு நாயோட காதுக்கோ குதிரையோட பிடரிக்கோ பயன்படுத்திப்பாரு. அதனால பழுப்பு இருந்தா பழசுன்னு கெடையாது.

மிச்சம் இருக்குறது உளி வெச்ச தடம். உளின்னு சொல்றதே தப்பு, நெஃப்ரைட்டோட நார்கள் கம்பளி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கிடக்கும், சுத்தியல் வெச்சுத் தட்டினா ஒழுங்கா பெயராது. மணல ஈரமாக்கி தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும், நூலாலயோ மூங்கில் குழாயாலயோ சுத்துற சக்கரத்தாலயோ. அந்த மணல் துகள் உருண்டுக்கிட்டே அறுக்கும், அதனால பள்ளத்தோட அடி கொஞ்சம் பொரபொரன்னு, விளிம்பு மழுங்கலா இருக்கும். சக்கரம் போட்ட கோடு படகு மாதிரி, நடுவுல ஆழமா ரெண்டு முனையிலயும் மெலிஞ்சு முடியும். கையால கல்லு முனைய வெச்சுக் கீறினதுன்னா ஒரே கோடு ரெண்டு மூணா பிரிஞ்சு, திருப்பத்துல வழுக்கி வெளிய ஓடியிருக்கும். இப்ப உள்ள டைமண்ட் பிட்டுல துகள் உலோகத்தோட ஒட்டியிருக்கு, நகராது, அது வேகமா சுத்தும்போது சீப்பு வாரின மாதிரி சமமா, இணையா, ஷார்ப்பா கீறல் விழும். பிரிட்டிஷ் மியூசியத்துல மார்கரெட் சாக்ஸும் நைஜல் மீக்ஸும் இதத்தான் பண்ணாங்க, பள்ளத்துல சிலிக்கான் ரப்பர ஊத்தி அச்செடுத்து, அந்த அச்ச எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வெச்சு எந்தக் கருவின்னு படிச்சாங்க. பொம்மைக்கு ஒரு சேதமும் இல்ல.

இதுலயும் நெளிவு இருக்கு. புதுசுன்னு அடிச்சுச் சொல்லலாம், பழசுன்னு அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது, இன்னைக்கும் ஒருத்தன் பொறுமையா மணல வெச்சுத் தேய்ச்சா தடம் பழசு மாதிரிதான் விழும். ஆனா அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு, நடைபாதையில விக்கிற பொம்மைக்கு?

முன்பக்கத்த எல்லாரும் பாலிஷ் போட்டுடுவாங்க, அதனால லென்ஸ அடிவயித்துலயும் கால் இடுக்குலயும் வெக்கணும். என் எருமைக்கு அங்க சீப்புக் கோடு அப்படியே தெரிஞ்சுது. கழுத்துக்குக் கீழ நூல் கோக்க ஒரு ஓட்டை இருக்கு, பழைய முறைன்னா ரெண்டு பக்கத்துலருந்தும் துளைச்சு நடுவுல சந்திக்கும், வாய் அகலமா உள்ள குறுகலா, நடுவுல ஒரு சின்னப் படி இருக்கும். இதுல டார்ச் அடிச்சுப் பாத்தேன், இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் ஸ்ட்ரா மாதிரி ஒரே நேரா போகுது.