தவறான தண்டனையா, பிழைத்தீர்ப்பா?

குற்ற வழக்குகளைப் பற்றிய யூடியூப் காணொளிகளையும் பாட்காஸ்ட்களையும் தமிழில் கேட்பவர்களுக்கு ‘தவறான தண்டனை’ என்ற தொடர் இதற்குள் நன்றாகப் பழகியிருக்கும். செய்யாத குற்றத்துக்கு ஒருவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் முடிவுகட்டுவதை ஆங்கிலத்தில் ‘ராங்ஃபுல் கன்விக்‌ஷன்’ என்கிறார்கள். அதற்குத்தான் நம்மவர்கள் இந்தத் தொடரை வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹகமாடா வழக்கைப் பற்றிய ஒரு காணொளியில் மூச்சுக்கு மூச்சு இதுவே வந்தது. இனியும் பேசாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. இந்தத் தொடர் தவறு. அது சொல்ல வேண்டிய செய்தியையே தலைகீழாக்கிவிடுகிறது.

முதலில் சொல்லின் வேர். ‘கன்விக்‌ஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. முழுதாக வெல்லுதல், வாதத்தில் வென்று நிறுவுதல் என்று பொருள். ‘கன்வின்ஸ்’ என்பதும் அதே வேர்தான். நம் ‘தண்டனை’ வடமொழித் தண்டத்திலிருந்து, அதாவது கோலிலிருந்து வந்தது. ‘தீர்ப்பு’, தீர் என்ற தமிழ் வினையடியில் பிறந்தது. வேர் பற்றி இவ்வளவு போதும். சிக்கல் வேரில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது.

ஒருவர் குற்றவாளி என்று சொல்வது ஒரு செயல். அவருக்கு என்ன தண்டனை என்று சொல்வது இன்னொரு செயல். 2024 வரை நடைமுறையில் இருந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235ஆம் பிரிவில் இவற்றைத் தெளிவாகப் பிரித்தது. அமர்வு நீதிமன்றத்தில் குற்றவாளி என்று முடிவான பிறகு, என்ன தண்டனை தருவது என்பது பற்றி அந்த நபர் சொல்வதைத் தனியாகக் கேட்க வேண்டும். நம் நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கத்துக்கும் இது நன்றாகத் தெரியும். ‘குற்றவாளி எனத் தீர்ப்பு, தண்டனை விவரம் நாளை அறிவிப்பு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். சட்டத் தமிழிலும் ‘குற்றத்தீர்ப்பு’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. இவ்வளவு இருந்தும், வெளிநாட்டு வழக்கு ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தவுடன் தீர்ப்பு காணாமல் போய், தண்டனை மட்டும் மிஞ்சுகிறது.

‘தவறான தண்டனை’ என்றால் தமிழில் என்ன பொருள்? ஏழு ஆண்டு தர வேண்டிய இடத்தில் பத்து ஆண்டு தந்துவிட்டார்கள் என்று பொருள். திருடியது உண்மைதான், ஆனால் தூக்கு அதிகம் என்று பொருள். அந்த ஆள் திருடவே இல்லை என்ற செய்தி இதில் எங்கே இருக்கிறது?

இவாவோ ஹகமாடா வழக்கையே எடுத்துக்கொள்வோம். முன்னாள் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். ஷிசுவோக்கா மாநிலத்தில், சோயா விழுதான மிசோ தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். 1966இல் அந்த நிறுவன அதிகாரியின் குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டு, வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஹகமாடாவைப் பிடித்து நாள் கணக்கில் நெடுநேரம் விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். நீதிமன்றத்தில் அவர் அதை மறுத்தார். சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, ஆலையின் மிசோ தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த உடைகள் வெளிவந்தன. 1968இல் மரண தண்டனை. அந்த ஆயத்தில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான நோரிமிச்சி குமமோட்டோ, தான் அவரைக் குற்றமற்றவர் என்றே நம்பியதாகவும், மற்ற இருவர் வேறு முடிவு எடுத்ததாகவும் 2007இல் வெளிப்படையாகச் சொன்னார்.

2014இல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு அவரைச் சிறையிலிருந்து வெளியே விட்டது. 2024 செப்டம்பரில், அவருடைய 88ஆவது வயதில், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அந்த உடைகள் உட்பட ஆதாரங்கள் புனையப்பட்டவை என்று நீதிமன்றமே சொன்னது. இந்த இரண்டு நிகழ்ச்சிக்கும் நம்மவர்கள் போடும் சொல் ஒன்றே ஒன்று: விடுதலை. அப்படியானால் இடையில் போன பத்து ஆண்டுகளில் அவருடைய அக்கா ஹிதெகோ எதற்காகப் போராடினார்? தம்பி அவருடன் வீட்டில்தான் இருந்தார். ஆனால் கொலைகாரன் என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. அதை நீக்கத்தான் தொண்ணூறைக் கடந்த பிறகும் அந்த அம்மா நீதிமன்றப் படி ஏறினார். ‘தண்டனை’, ‘விடுதலை’ என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

இங்கிலாந்தில் இதைவிடத் துல்லியமான சான்று உண்டு. 1952இல் குரோய்டனில் ஒரு காவலர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் 16 வயது கிரிஸ்டோஃபர் கிரெய்க். வயது குறைவு என்பதால் அவருக்குத் தூக்கு இல்லை. கூட இருந்த 19 வயது டெரெக் பென்ட்லி, துப்பாக்கி வெடித்தபோது ஏற்கெனவே காவலரின் பிடியில் இருந்தார் என்பது அவர் தரப்பின் வாதம். அவரை 1953 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். 1993இல் அரச மன்னிப்பு கிடைத்தது, ஆனால் தண்டனைக்கு மட்டும், குற்றத்தீர்ப்பு நின்றது. 1998இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. அதற்காக வாழ்நாளெல்லாம் அலைந்த அக்கா ஐரிஸ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். தூக்கில் போடப்பட்டவரின் தண்டனையை யாராலும் திருப்ப முடியாது. தீர்ப்பைத் திருப்பலாம். அதற்குத்தான் அந்தக் குடும்பம் 45 ஆண்டுகள் காத்திருந்தது.

இந்த வழக்குகள் ஏன் மக்கள் மனதை விட்டு அகலுவதே இல்லை என்று பலர் கேட்கிறார்கள். தண்டனையின் கொடுமைதான் காரணம் என்றால் இரக்கப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நம்மைத் திரும்பத் திரும்ப இழுப்பது அந்தத் தீர்ப்பு. படித்தவர்கள், பொறுப்பில் இருப்பவர்கள், இத்தனை பேர் ஒரே காகிதங்களைப் பார்த்து எப்படி ஒன்றாகத் தவறினார்கள்? உண்மையில் செய்தவன் எங்கே போனான்? மிசோவில் ஓராண்டு ஊறிய ரத்தம் எப்படிச் சிவப்பாகவே இருந்தது? கேட்பவர் ஒவ்வொருவரும் மனதுக்குள் அந்த வழக்கை மறுபடி விசாரிக்கிறார். ‘தவறான தண்டனை’ என்று பெயர் வைப்பவர் இந்த விசாரணைக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறார்.

வேறு சிலர் ‘நிரபராதிக்குத் தண்டனை’ என்கிறார்கள். பொருள் சரியான பக்கம் போகிறது. ஆனால் இன்று அபராதம் என்றால் ஹெல்மெட் போடாததற்குக் கட்டும் பணம் என்றுதான் நினைவுக்கு வரும். குற்றம் என்ற பழைய பொருள் வழக்கொழிந்துவிட்டது. அப்புறம், நீதிமன்றம் என்ன செய்தது என்பதை இந்தத் தொடரும் சொல்லவில்லை. ‘நீதியின் கருச்சிதைவு’ என்று ஒன்றைத் துணையெழுத்தில் பார்த்தேன். நீதி தவறுவதை ஆங்கிலத்தில் ‘மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்பார்கள். அதில் வரும் ‘மிஸ்கேரேஜ்’ என்பதற்கு அகராதியில் தென்பட்ட முதல் பொருளை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இதை எழுதியவர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். குழந்தையை இழந்த ஒரு பெண்ணின் துயரச் சொல்லை எடுத்து நீதிமன்றத்தின் கவனக்குறைவுக்குப் பெயராக வைக்க எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை.

நமக்குச் சொல் பஞ்சம் கிடையாது. தமிழின் முதல் பெருங்காப்பியமே இப்படி ஒரு வழக்கைச் சுற்றித்தான் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாமல், ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க’ என்கிறான். சிலம்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே ‘கள்வன்’ வந்துவிட்டது. அதுதான் குற்றத்தீர்ப்பு, கொலை அதற்குப் பின்னால் வருகிறது. கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டிய பிறகு அவன் சொல்வதைப் பாருங்கள்: ‘யானோ அரசன் யானே கள்வன்’. தான் சூட்டிய அந்தப் பெயரைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறான். தொடர்ந்து ‘என்முதற் பிழைத்தது’ என்கிறான். தண்டனை அதிகமாகிவிட்டது என்று அவன் சொல்லவில்லை. காவல் என்னால் பிழைத்தது என்கிறான். வள்ளுவரும் ‘தக்காங்கு நாடி’ என்று ஆராய்வதை முதலில் வைத்துவிட்டுத்தான் ‘ஒறுப்பது’ என்று தண்டிப்பதற்கு வருகிறார்.

ஆகவே என் பரிந்துரை: பிழைத்தீர்ப்பு. சிலர் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். குற்றம் செய்தவனைத் தப்பவிட்டாலும் அது பிழைத்தீர்ப்புதானே என்று. நியாயமான கேள்விதான். சட்டக் கட்டுரையில் ‘பிழையான குற்றத்தீர்ப்பு’ என்று முழுதாக எழுதலாம். செய்தியிலும் பேச்சிலும் சூழலே பொருளைக் காட்டிவிடும். சிறையிலிருந்து வெளியே வருவதை ‘விடுவிப்பு’ என்றும், குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவிப்பதைப் ‘பழிநீக்கம்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். ஹகமாடாவுக்கு 2014இல் நடந்தது விடுவிப்பு, 2024இல் கிடைத்தது பழிநீக்கம். பென்ட்லிக்கு விடுவிப்பு வாய்க்கவே இல்லை, பழிநீக்கம் மட்டும்தான்.

எழுதும்போது ஒற்றை விட்டுவிடாதீர்கள். ‘பிழை தீர்ப்பு’ என்று த் இல்லாமல் பிரித்து எழுதினால் பிழையைத் தீர்ப்பது என்று ஆகி, நேர் எதிரான பொருள் வந்துவிடும்.