நிமோனைட்டிஸ் ‘நுரையீரல் தொற்று’ அல்ல

கீமோ போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளில் ‘பக்க விளைவு: நுரையீரல் தொற்று’ என்று அச்சடித்திருக்கிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வாசகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சொல்ல வந்தது நிமோனைட்டிஸ்.

கிரேக்கத்தில் நியூமோன் என்றால் நுரையீரல். ‘ஐட்டிஸ்’ விகுதி மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். நம் அழற்சியும் அழல், அதாவது தீ, என்பதோடு உறவுள்ள சொல்தான். ஆக, நுரையீரல் அழற்சி.

தகராறெல்லாம் ‘தொற்று’ மேல்தான். தொற்றுவதற்குக் கிருமி வேண்டும். இங்கே கிருமியே கிடையாது. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும் விரைப் புற்றுக்கும் போடுகிற பிளியோமைசின் மருந்தைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு. அதனால் மருந்தே அங்கே புண்ணாக்குகிறது. மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்கிற இம்யூனோதெரபி மருந்துகளின் கதை வேறு: அவை முடுக்கிவிட்ட நம் எதிர்ப்புச் சக்தியே நுரையீரல் மேல் பாய்கிறது.

தொற்று என்று படித்த வீட்டில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேரப்பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை. ஒட்டுவாரொட்டி ஆக்கிவிட்டார்கள், பாவம்! வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் மெடிக்கலில் அசித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை, ஒரு இருமல் சிரப். உடனே போக வேண்டியதோ புற்றுநோய் டாக்டரிடம். அவர் சி.டி. எடுத்துப் பார்ப்பார், மருந்தை நிறுத்துவார், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தருவார். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்து நிஜமான தொற்றும் வரலாம், மறுக்கவில்லை. அதனால்தானே இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும் என்கிறேன்?

‘நுரையீரல் அழற்சி என்பது நிமோனியாவுக்கு வைத்த பெயராயிற்றே’ என்று தனித்தமிழ் நண்பர்கள் மடக்குவார்கள். சரி, நிமோனியா நிமோனியாவாகவே இருக்கட்டும். கடலூர் முதுநகரில் மீன் விற்கிற அக்காவுக்கும் தெரிந்த சொல்லைப் பிடுங்கிவிட்டு எதற்குப் புதுச்சொல்? நிமோனைட்டிஸுக்கு ‘மருந்தால் வரும் நுரையீரல் அழற்சி’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் காரணமும் உள்ளேயே இருக்கிறது.

இன்னொரு கூட்டம் ‘நுரையீரல் நச்சுத்தன்மை’ என்று எழுதுகிறது. படிப்பவருக்கு நுரையீரலே விஷமாகிவிட்டதோ என்று தோன்றும். ‘மருந்தால் நுரையீரல் பாதிப்பு’ என்றால் என்ன குறைச்சல்? அழற்சி முற்றினால் வருகிற ஃபைப்ரோசிஸுக்கு ‘நார்த்திசு மிகைப்பெருக்கம்’ என்று ஒருவர் போட்டிருந்தார். தழும்பு விழுந்து நுரையீரல் இறுகிப்போவது என்று எழுதக் கூச்சமாம்.