வேப்பிலைச் சாறும் நீல வெளிச்சமும்

ப்ராஜெக்ட் சீசன் வந்தால் போதும், யாராவது ஒரு மாணவர் வேப்பிலைச் சாறோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். சாற்றை டெஃப்லான் குடுவையில் ஊற்றி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தம் தாங்கும் எஃகுப் பாத்திரத்துக்குள் வைத்து இறுக்கி, ஓவனில் 180 டிகிரியில் சில மணி நேரம் விட்டால், டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். யூவி டார்ச் அடித்தால் பளிச்சென்று நீலம். "சார், கார்பன் டாட் வந்துடுச்சு!" என்று அவர் துள்ளும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். கார்பன் டாட் என்பது யூவி வெளிச்சத்தில் ஒளிரும், சில நானோமீட்டரே அளவுள்ள கார்பன் துகள். 2012-ல் ஒடிசா ஆய்வாளர்கள் ஆரஞ்சுப் பழச்சாற்றில் இதைச் செய்து காட்டிய பிறகு, மாணவர்கள் முயன்று பார்க்காத இலையும் பழத்தோலும் குறைவு.

ஆனால் நீலமாக ஒளிர்வதெல்லாம் கார்பன் டாட் இல்லை. சாற்றிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் வினைபுரிந்து உண்டாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் அதே மாதிரி ஒளிரும். ஒருமுறை ஒரு மாணவியின் திரவத்தை, சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டு, பெரிய துகள்களை உள்ளேயே வைத்துக்கொள்ளும் டயாலிசிஸ் பையில் கட்டி, பீக்கர் தண்ணீரில் ராத்திரி முழுக்க மிதக்கவிட்டோம். காலையில் டார்ச் அடித்தால் பைக்குள் இருந்ததைவிட வெளித்தண்ணீர்தான் பிரகாசமாக இருந்தது. மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தோம், பையில் மங்கலான வெளிச்சம்தான் மிச்சம். அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனால் அவர் அளந்து எழுத வேண்டியது அந்த மங்கலைத்தான்.

அப்புறம், இலைச்சாறு தானே என்ற அலட்சியம். 180 டிகிரியில் மூடிய பாத்திரத்துக்குள் நீராவி மட்டுமே காற்றழுத்தத்தைப்போல் சுமார் பத்து மடங்கு அழுத்தம் தரும், இலைச்சாறு சிதையும்போது வரும் வாயுவும் அதோடு சேரும். குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஓவனை அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை, தேவைப்பட்டால் மறுநாள்வரை, விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெதுவெதுப்பில் திறந்த ஒருவரின் சட்டை முழுக்க டிகாக்‌ஷன் தெறித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

கொட்டாங்குச்சியிலிருந்து நுண்துளைக் கரி செய்பவர்களிடம் இந்த அலட்சியம் இன்னும் மோசம். நுண்துளை வரவைக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 700, 800 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். காரம் தோலை அரிக்கும், உலைக்குழாயைக்கூட அரிக்கும். பிறகு அமிலத்தில் கழுவ வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு அறிக்கையில் 'பசுமை முறை' என்று எழுதுகிறார்கள். அந்தக் காரமும் அமிலக்கழுவு நீரும் எங்கே போயின என்று நான் கேட்காமல் விடுவதில்லை. உலர்ந்த தூளைத் திறந்த மேசையில் அரைக்காதீர்கள், நுரையீரலுக்கு அது தேங்காயிலிருந்து வந்ததா, பெட்ரோலில் இருந்து வந்ததா என்று தெரியாது.

அடுத்த முறை என்னிடம் வரும்போது பைக்குள் இருப்பதை மட்டும் கொண்டுவராதீர்கள். வெளித்தண்ணீரிலும் ஒரு குப்பி பிடித்து வாருங்கள், இரண்டையும் ஒரே டார்ச்சில் பார்ப்போம்.