பல்லிசைக் கலைஞரா, பல கருவிக் கலைஞரா?

மேற்கத்திய பாப் இசை பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'பல்லிசைக் கலைஞர்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. போன வாரம் அமெரிக்கப் பாடகர் சூஃப்யான் ஸ்டீவன்ஸைப் பற்றிப் படித்த ஒரு கட்டுரையில் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. மல்டி இன்ஸ்ட்ருமென்டலிஸ்ட், அதாவது பல கருவிகளை வாசிப்பவர் என்பதற்கு வைத்திருக்கும் பெயராம். இது தவறு.

இன்ஸ்ட்ருமென்ட் லத்தீனிலிருந்து வந்த சொல், தமிழில் கருவி. பல் + இசை என்றால் பல இசை. கருவி எங்கே போயிற்று?

'இசைக்கருவி என்பதைத்தான் இசை என்று சுருக்கியிருக்கிறோம்' என்பார்கள். தமிழ் அப்படிச் சுருக்கியதே இல்லை. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, உலோகத்தாலான கஞ்சக்கருவி என்றுதான் நம்மவர்கள் வகுத்தார்கள். 'இசை'யை விட்டார்கள், 'கருவி'யை விடவில்லை. எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டீவன்ஸையே எடுத்துக்கொள்வோம். 1975இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். சிறுவயதில் ஓபோ என்ற துளைக்கருவி கற்றார். அப்புறம் ரெக்கார்டர் என்ற குழல், பாஞ்சோ என்ற நரம்புக்கருவி, கிதார், பியானோ, டிரம்ஸ். 2005இல் வந்த 'இலினாய்' ஆல்பத்தில் நரம்பிசை நால்வரும் பாடகர் குழுவும் உண்டு. ஆனாலும் பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்தார். துளை, நரம்பு, தோல் மூன்றும் ஒருவர் கையில். இதைச் சொல்லத்தான் அந்தச் சொல்.

அவர் பல வகை இசையும் செய்தவர் என்பது வேறு செய்தி. 2010இல் மின்னணு இசைக்குத் தாவினார். 2012இல் நியூயார்க் சிட்டி பாலேவுக்கு இசை தந்தார். 2015இல், தாயின் மறைவுக்குப் பின், பாஞ்சோவும் கிதாருமாக மிக அடங்கிய குரலில் ஓர் ஆல்பம். இதற்கு வேண்டுமானால் 'பல்லிசை' பொருந்தும். பல கருவி வாசித்துக்கொண்டே ஆயுள் முழுக்க ஒரே வகை இசையில் இருப்பவர் உண்டு. குரலை மட்டும் வைத்துக்கொண்டு பல வகை பாடுபவரும் உண்டு. இருவருக்கும் ஒரே பெயரை ஒட்டினால் வாசகருக்கு என்ன புரியும்?

'பல்கருவிக் கலைஞர்' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி. ஆனால் முதல் பார்வையில் பல் மருத்துவரின் கருவி என்றே கண்ணில் படுகிறது. ஒட்டாமல் 'பல கருவிக் கலைஞர்' என்று எழுதுங்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஸ்டீவன்ஸின் இசைவகையான ஆர்கெஸ்ட்ரல் பாப்புக்கு, அதாவது பல வாத்தியங்கள் கூடி ஒலிக்கும் பாப்புக்கு, வருவோம். 'இசைக்குழுப் பாப்' என்கிறார்கள். எந்த பாப் பாட்டில் இசைக்குழு இல்லை? 'ஆர்கெஸ்ட்ரா பாப்' என்றால் நம் ஊரில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டுப் பாடும் குழுதான் நினைவுக்கு வரும். 'சேர்ந்திசை' என்றால் பலர் கூடிப் பாடுவது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் 'பல்லியம்' இருக்கிறது. இயம் என்றால் வாத்தியம்; பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பது பல்லியம். 'அந்தரப் பல்லியம் கறங்க' என்கிறது திருமுருகாற்றுப்படை. அதனால் 'பல்லியப் பாப்' என்பேன். கடினம் என்று தள்ளுபவர்கள் நாலு முறை எழுதிப் பார்க்கட்டும், பல்கலைக்கழகம் பழகவில்லையா?

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். அகராதியைப் பார்க்கிறார்கள், ஆல்பத்தைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஓபோவும் பாஞ்சோவும் தனித்தனியே காதில் விழுந்திருக்கும். நெடும்பல்லியத்தனார் என்று பெயரிலேயே பல்லியத்தை வைத்திருந்த புலவர், புறநானூற்றின் 64ஆம் பாட்டில் ஆடல் பாடல் மகளான விறலியைப் பயணத்துக்கு அழைக்கும்போது, மூட்டை கட்ட வேண்டியவற்றை யாழ், ஆகுளி, பதலை (பின்னிரண்டும் பறை வகைகள்) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் தொடங்குகிறார்.