ஆய்வுக் கட்டுரைக்குக் கைக்காசு கட்டும் முன்: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ யாருக்கு?

திருப்பூர்ச் சாயக்கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிப்பது பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், தேடிய கட்டுரையைக் கண்டுபிடித்துவிடுகிறார். திரையில் சுருக்கம் மட்டும் வருகிறது. முழுக் கட்டுரைக்கு 30 டாலருக்கு மேல் கேட்கிறது. இப்படி நான்கு வாங்கினால் அந்த மாத விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்குக் கடன்தான். அரசுக் கல்லூரி மாணவி என்றால், பெரும்பாலும் இந்தப் பணத்தை அவர் கட்ட வேண்டியதே இல்லை.

காரணம், அரசு நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் படிக்கலாம். காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

முன்பு அமைச்சகங்களின்கீழ் பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகச் சந்தா கட்டின. வேளாண் நூலகங்களுக்கு ‘செரா’ என்று ஒன்று, மற்றவர்களுக்கு வேறு. ஒரே இதழுக்குப் பல கைகள் பணம் கொடுத்தன. இப்போது நாடு முழுமைக்கும் ஒரே பேரம். சந்தையில் பத்துப் பேர் தனித்தனியாக விலை கேட்பதற்கும், ஊரே சேர்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் கொங்கு வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்திய, மாநில அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் தகுதியுடையவை. பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்கள், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கரும்பு இனப்பெருக்க நிறுவனம் போன்றவை இந்த வகை. தனிநபர் விண்ணப்பிக்க முடியாது. கல்லூரிதான் பதிவு செய்ய வேண்டும். ஆகவே முதலில் நூலகரிடம் கேளுங்கள். வளாக இணையத்தில் இதழ்கள் நேரடியாகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்கத் தனி உள்நுழைவுக் கணக்கு வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பதிவிறக்கினால் பதிப்பகம் கல்லூரி முழுவதற்கும் வழியை அடைத்துவிடக்கூடும்.

பெருந்துறையிலிருந்து பொள்ளாச்சி வரை பஸ் ஜன்னலில் எண்ணி மாளாத தனியார் கல்லூரிகள்? ஒப்புதலின்போது வரையறுத்த வட்டத்துக்குள் அவை இல்லை. கொங்கு நாட்டுக்கு இது பெரிய ஓட்டை என்பேன். அங்கே படிப்பவர்கள் தங்கள் நூலகம் ‘டெல்நெட்’ என்னும் நூலக வலையமைப்பில் உறுப்பினரா என்று விசாரிக்கலாம். உறுப்பு நூலகங்கள் தங்களுக்குள் நூல்களை இரவல் கொடுத்து வாங்கும். ‘சோத்கங்கா’ இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எதுவும் கைகொடுக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறார்கள்.