பிக்கப் குறைந்துவிட்டதா? பாகம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

என்னிடம் வந்த ஒரு பைக்கின் பிஸ்டன் தலையில் பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டிய தம்பி வீட்டிலேயே ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் மாட்டியிருந்தார். சத்தம் கூடியதும் வேகமும் கூடியதாகவே தோன்றியிருக்கிறது. நெடுஞ்சாலையில் வெகுதூரம் முழு ஆக்சிலேட்டரில் போனபோது இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், உள்ளே பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் பவர் வேண்டுமென்றால் கலவை இன்னும் செறிவாக, சுமார் 13 பங்கு காற்றாக இருக்க வேண்டும். அந்தத் தம்பி காற்றுக்கு மட்டும் வழியைத் திறந்துவிட்டார். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டை மாற்றவில்லை. பெட்ரோல் போதாத கலவை அதிகச் சூட்டில் எரிந்து அலுமினிய பிஸ்டனையே உருக்கிவிட்டது. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். அதுவும் ஓர் எல்லை வரைதான்.

என் அனுபவத்தில், 'பிக்கப் பத்தவில்லை' என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. இருந்த பவர்தான் எங்கோ வீணாகிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் சட்டென்று நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லை செயின் இறுகிக் கிடக்கிறது. காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். அடைத்துப்போன ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். கிளட்ச் வழுக்கினால் என்ன ஆயில் ஊற்றினோம் என்று யோசியுங்கள். கார் ஆயில் ஊற்றிவிட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். வெட் கிளட்ச் (இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்ச்) உள்ள வண்டிக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்க வேண்டும்.

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இடைவெளி வைக்கும் டேப்பெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதே என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடுகிறார்கள். இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக உட்காராது. அழுத்தம் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசாகச் சத்தம் வருவதே மேல். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும்படி வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே வையுங்கள். பல வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்மதிப்பில் செய்யும் வேலை இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். எதை மாற்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள்: இளம்பழுப்பு நல்லது, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மூடிய அறைக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. செயினைத் துடைக்கும்போது வண்டியை கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடிக்காதீர்கள். துணி சிக்கினால் விரலும் சேர்ந்தே போகும். சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள்.