இன்சிபிட்: முதற்குறிப்பு

மேலை இசை வரலாற்றைத் தமிழில் எழுத முயல்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'தீமாட்டிக் கேட்டலாக்' என்று வரும். அகராதியைப் பார்த்து 'கருப்பொருள் பட்டியல்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். படிக்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலில் கருப்பொருள் எதுவும் இராது. தொல்காப்பியம் சொல்லும் தெய்வம், உணவு, பறை, யாழும் இரா. இன்றைய பொருளில் காதல், போர், பிரிவும் இரா. ஒவ்வோர் இசைப் படைப்பும் எந்தச் சுரங்களில் தொடங்குகிறது என்று காட்டும் துண்டு வரிகள் மட்டுமே அதில் இருக்கும். அந்தத் துண்டுக்குப் பெயர் இன்சிபிட்.

இது இலத்தீன் சொல். பெயர்ச்சொல் அன்று, வினைமுற்று. 'தொடங்குகிறது' என்று பொருள். 'காபெரெ' என்றால் எடுத்தல், பற்றுதல். அதன் முன் 'இன்' சேர்ந்தால் 'கையில் எடுத்தல்', அதாவது தொடங்குதல். 'எடுத்த எடுப்பிலேயே' என்று பேசுகிற நமக்கு இந்தப் பொருள் நகர்வை விளக்க வேண்டியதில்லை.

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் தலைப்புப் பக்கம் என்பதே கிடையாது. நூலை எழுதத் தொடங்குமுன் எழுத்தர் 'இன்சிபிட்' என்று எழுதி, இன்ன நூல் இங்கே தொடங்குகிறது என்று அறிவிப்பார்; பெரும்பாலும் சிவப்பு மையில். முடியும் இடத்தில் 'எக்ஸ்பிளிசிட்' என்று வரும். அது சுருளை முழுவதும் விரித்தாயிற்று என்ற பழைய வழக்கின் எச்சம். நாளடைவில் அறிவிப்புக்கு உரிய சொல், அறிவிப்பை அடுத்து வரும் முதற்சொற்களுக்கே பெயராகிவிட்டது. தலைப்பில்லாத நூலை வேறு எப்படித்தான் குறிப்பிடுவது? போப்பாண்டவரின் சுற்றுமடல்கள் இன்றுவரை அவற்றின் முதற்சொற்களாலேயே அழைக்கப்படுகின்றன.

சொல்லுக்கு இது போதும். ஆனால் சுரத்துக்கு? பாட்டு என்றால் முதலடியைச் சொல்லி அடையாளம் காட்டலாம். சொல்லே இல்லாத வாத்திய இசைக்கு என்ன செய்வது? 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வியாபாரிக்கு இந்தக் கேள்வி எழுந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து அச்சகர், இசை வெளியீட்டாளர் யோஹான் காட்லோப் இம்மானுவேல் பிரைட்காப்ஃப் அவர். அவருடைய தந்தை பெர்ன்ஹார்ட் கிறிஸ்டோஃப் 1719இல் அச்சகத்தைத் தொடங்கினார். மகன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். 1745இல் அச்சகம் மகனின் கைக்கு வந்தது.

'பிரைட்காப்ஃப்' என்றால் அகன்ற தலை என்று பொருள். இசைக்குறியின் உருண்டையான பகுதியையும் ஜெர்மானியர் தலை என்றே சொல்வார்கள். அந்தத் தலையை உடலிலிருந்து பிரித்தவர் இவர் என்பது வேடிக்கையான பொருத்தம். அதுவரை அச்செழுத்தில் இசையை அச்சிட்டவர்கள் ஒரு குறியையும் அதன் பின்னால் ஓடும் ஐந்து கோடுகளின் துண்டையும் சேர்த்து ஒரே அச்சாக வார்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் வந்த முறை அது. ஒற்றைக் குரல் பாட்டுக்குச் சரிப்பட்டது. ஒரே நேரத்தில் நாலைந்து சுரம் ஒலிக்கும் விசைப்பலகை இசைக்கு அது உதவவில்லை. பிரைட்காப்ஃப் 1754-55இல் குறியை உடைத்தார். தலை தனி, காம்பு தனி, காம்பின் கொடி தனி, பின்னால் ஓடும் கோட்டின் துண்டும் தனி. இவற்றை அச்சுக்கோப்பவர் பொடிக்கல் பதிப்பதுபோல் சேர்த்தால் எந்தச் சுரக்கூட்டத்தையும் ஆக்கலாம்.

தமிழ் அச்சுக்கோத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். 'கொ' என்பதைத் தனி அச்சாக வார்க்காமல் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாக வைத்துக்கொண்டால் அதே கொம்பும் காலும் எல்லா மெய்க்கும் உதவும் அல்லவா? அந்த யோசனைதான். (தரங்கம்பாடியில் 1713இல் வந்து இறங்கிய தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டது லைப்சிக்குக்கு அருகிலுள்ள ஹாலே நகரில். இசை அச்சுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஊர்கள் அண்டை ஊர்கள் என்பதோடு சரி.)

இந்த எண்ணம் அவர் ஒருவருக்கே தோன்றியது என்று சொல்ல முடியாது. ஹாலந்தில் ரோசார், பாரிசில் ஃபூர்னியே ஆகியோரும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் முயன்றார்கள். ஆனால் அதைப் பெருந்தொழிலாக்கிக் காட்டியவர் பிரைட்காப்ஃப். சாக்சனி அரச குடும்பத்து மரியா அந்தோனியா வால்புர்கிஸ் எழுதிய இத்தாலிய இசை நாடகம் ஒன்றின் முழு இசையேட்டையும் 1756இல் இந்த எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிறகு நிலப்படங்களை அச்சுக்கோத்துப் பார்த்தார், சீன எழுத்துகளை வார்த்துப் பார்த்தார், சீட்டாட்டத்தின் தோற்றம் பற்றி நூல் எழுதினார். லைப்சிக்கில் மாணவராக இருந்த ஜெர்மானியக் கவிஞர் கதே இந்தக் குடும்பத்தோடு பழகியவர். கதேயின் பாடல்களுக்குப் பிரைட்காப்ஃபின் மகன் மெட்டமைத்து, அவை கவிஞரின் பெயர் இல்லாமலே வெளிவந்தன.

சொல்லுக்குத் திரும்புவோம். இசையை அச்சிட இவ்வளவு பாடுபட்ட இவர் பெருமளவில் விற்றது கைப்பிரதிகளை என்பதுதான் கதையின் சுவையான இடம். சிம்பொனி, மூவர் இசை, நால்வர் இசை என்று வாங்க விரும்பிய ஜெர்மானியச் சிற்றரசவைகளும் இசை ஆர்வலர்களும் பெரும்பாலும் கையால் படியெடுத்த தாள்களையே பயன்படுத்தினார்கள். நாலைந்து பேர் மட்டுமே வாங்கும் ஒரு படைப்பை அச்சிட்டால் முதலுக்கே மோசம். எனவே தாய்ப்பிரதி கடையில் இருக்கும். கேட்பவருக்குப் படியெடுத்துத் தருவார்கள். சரக்கு இன்னதென்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரிவிப்பது? 'டி மேஜரில் ஒரு சிம்பொனி' என்று எழுதினால் ஒருவரே அப்படி ஒரு டசன் எழுதியிருப்பார். 'ஏற்கெனவே என்னிடம் இருப்பதையே மறுபடி அனுப்பிவிட்டீர்கள்' என்று வாங்கியவர் கடிதம் எழுத நேரும்.

1762இல் பிரைட்காப்ஃப் ஒரு பட்டியலை வெளியிட்டார். தலைப்பு இத்தாலிய மொழியில். இசைக்கு அன்று அதுதான் சந்தை மொழி. வகைவாரியாகவும் இயற்றியவர் வாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு படைப்பின் தொடக்கச் சுரங்களையும் ஒற்றை வரியில் அச்சிட்டிருந்தார். அச்சிட்டது தம்முடைய புதிய எழுத்திலேயே. முழுப் படைப்பு கையெழுத்தில், அதன் தலை மட்டும் அச்சில்! 1765க்குள் 6 பகுதிகள் வந்தன. 1766 முதல் 1787 வரை 16 பின்னிணைப்புகள். விலைப்பட்டியலாகப் பிறந்தது, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர் மேசையில் மறுபதிப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆய்வாளருக்கு அதில் என்ன கிடைக்கிறது? முதலில் காலம். அக்காலத்து ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் எழுதிய ஒரு படைப்பின் மூலப்படியில் ஆண்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் தொடக்கச் சுரங்கள் 1767 பின்னிணைப்பில் இருந்தால் அதற்குள் எழுதப்பட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். 1767இல் எழுதப்பட்டது என்று சொல்லக்கூடாது. இந்தப் பிழையைப் பலர் செய்கிறார்கள். அடுத்தது உரிமை. ஹைடனின் பெயர் விலைபோகத் தொடங்கியதும் யார் யாரோ எழுதியவை எல்லாம் அவர் பெயரில் ஊர்சுற்றின. ஒரே சுரத்தொடக்கம் இரண்டு பெயர்களின் கீழ் வந்தால் சந்தேகம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பிரைட்காப்ஃபின் பட்டியலும் தவறான பெயர்களிலிருந்து தப்பவில்லை. ஆனால் தவறைக் கண்டுபிடிக்கும் கருவியும் அதே பட்டியலில் இருக்கிறது. பெயர் பொய் சொன்னாலும் சுரம் சொல்லாது.

இசையமைப்பாளர்களும் இந்த வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். ஹைடன் 1765ஐ ஒட்டித் தம் படைப்புகளுக்குத் தொடக்கச் சுரங்களோடு ஒரு குறிப்பேடு வைக்கலானார். மோட்சார்ட் 1784 பிப்ரவரி முதல் இறக்கும் ஆண்டுவரை இடப்பக்கம் நாளும் தலைப்பும், வலப்பக்கம் தொடக்கச் சுரங்களும் என்று எழுதிவந்தார். 1862இல் கோஷல் என்ற ஆய்வாளர் தொகுத்த மோட்சார்ட் பட்டியலும் இதே முறைதான். இன்று உலகெங்கும் உள்ள இசைச் சுவடிகளைப் பதிவுசெய்யும் 'ரிஸ்ம்' என்ற பன்னாட்டு அமைப்பின் தரவுத்தளத்தில், பெயர் தெரியாத ஏட்டின் முதல் சில சுரங்களைத் தட்டினால் அதே தொடக்கம் உள்ள மற்ற ஏடுகள் வந்து நிற்கின்றன.

இனி அந்தத் 'தீம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அக்காலத்து வழக்கில் படைப்பின் தொடக்கத்தையே 'தேமா' என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான படைப்புகளில் முக்கியமான மெட்டே முதலில் வந்ததால் குழப்பம் எழவில்லை. எப்போதும் அப்படி அமையாது. மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்தின் முன்னிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது ஒரே சுரத்தைக் கொத்திக் கொத்தி ஓடும் அந்த வேகமான மெட்டு, அதுதான் தீம். ஆனால் தொடக்கத்தில் இருப்பவை மெதுவான, கனத்த சுரக்கூட்டங்கள், அவையே இன்சிபிட். இரண்டும் வேறு. 'கருப்பொருள்' ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'எடுப்பு' முதலில் நாவில் வரும். இலத்தீன் வேரோடு பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் நம் இசையில் எடுப்பு என்பது தாள வட்டத்தில் பாட்டு தொடங்கும் இடம். சமம், அதீதம், அனாகதம் என்று அதற்கு வகைகள் உண்டு. குடியிருக்கும் வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க முடியாது. 'முதலடி' சொல்லுள்ள பாட்டுக்கு மட்டும் சரி. 'தொடக்க வரி' தவறில்லை, ஆனால் கலைச்சொல்லுக்கு வேண்டிய இறுக்கம் அதில் இல்லை.

புதிதாக உருவாக்கவே வேண்டியதில்லை. பழந்தமிழ் நூல் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். 'செய்யுள் முதற்குறிப்பு அகராதி' என்றோ 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' என்றோ இருக்கும். தலைப்பில்லாத நானூறு பாட்டுகளில் ஒன்றைத் தேடிப் பிடிக்க நம் பதிப்பாசிரியர்கள் கண்ட வழி அது. இன்சிபிட் என்ற சொல்லின் வேலையை முதற்குறிப்பு எப்போதோ செய்து முடித்துவிட்டது. தொடக்கத்தால் பெயரிடும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. ஆத்திசூடி, கொன்றை வேந்தன் இரண்டும் தத்தம் முதற்சொற்களால் பெயர் பெற்றவை. மூதுரைக்கு 'வாக்குண்டாம்' என்று இன்னொரு பெயர் இருப்பதும் அதன் காப்புச் செய்யுளின் முதற்சொல்லால்தான்.

'முதற்குறிப்பு' இசைக்கும் இயல்பாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சுரங்களை எழுதிவைப்பதைக் குறிப்பு என்றே சொல்கிறோம். 'தீமாட்டிக் கேட்டலாக்' என்பதை 'முதற்குறிப்புப் பட்டியல்' என்று எழுதலாம். 'அகராதி' வேண்டாம், பிரைட்காப்ஃப் சுர வரிசையில் அடுக்கவில்லை.

சொல்லா சுரமா என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'சொல் முதற்குறிப்பு', 'சுர முதற்குறிப்பு' என்று எழுதலாம். இந்தப் பிரிவினை கர்நாடக இசைக்கும் தேவைப்படும். 'நின்னு கோரி' என்று தொடங்கும் வர்ணம் வசந்தா ராகத்திலும் இருக்கிறது, மோகன ராகத்திலும் இருக்கிறது. சொல் முதற்குறிப்பு இரண்டுக்கும் ஒன்றே. பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்துக்குச் சுர முதற்குறிப்பு 'க, க, ரி'.